பெனடிக்டின் பல்லும் ஒன்றரை சி.சி. எஞ்சினும்

மேல்வாயில் ஒரு பல் கூட இல்லாத மனிதர் ஒருவர் என் பட்டறை வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எவன்லே அது? எம் பல்லைப் புடிச்சு வச்சிருக்கவன் எவன்லே?"

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை சற்று விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை. மூன்று நான்கு வருடங்கள் இருக்கும். மார்த்தாண்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டின் பக்கவாட்டில் ஓடு போட்ட ஒரு சாய்ப்பு உண்டு. அதுதான் என் பட்டறை.

பல் செட் செய்வது என் தொழில். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் வேகவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவேன். வாய்க்குச் சொந்தக்காரர்கள் என் பட்டறைக்கு வருவதில்லை. முப்பத்தைந்து வருடத்தில் வந்த முதல் ஆள் இவர்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. என் ஆள்காட்டி விரல் ஒரு சிறிய மரக் காற்றாடியின் மேல் இருந்தது. காற்றாடிக்குப் பின்னால், தேக்குக் கட்டையில் திருகிவைத்த ஒரு எஞ்சின். மாதிரி விமானத்தில் வைக்கிற எஞ்சின். கைக்குழந்தையின் முஷ்டி அளவுதான் இருக்கும். அதற்கு எதிரே என் மனைவி கிரேஸ், கையில் மருந்து சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி.

"யாரோ வந்திருக்காவ" என்றாள்.

"தெரியும். நீ ஒரு சொட்டு விடு."

அந்த மனிதரின் பல் செட் இரண்டு வாரமாக என் அலமாரியில், தண்ணீர் ஊற்றிய காப்பித்தூள் பாட்டிலுக்குள், சிரித்தபடி கிடந்தது. வேலை முடிந்த செட். மெருகேற்றிய செட். வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை.

சென்ற வாரம் இதே பத்தியில் மெழுகில் பல் அடுக்குவது பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "எத்தனை பொறுமையான மனிதர் நீங்கள்" என்று ஓர் அம்மையார் கடிதம் போட்டிருந்தார். அவர் இந்த வாரம் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவது நல்லது.

உடைந்த கீழ்ப்பல்

அதற்கு மூன்று வாரம் முன்பு கன்னியாகுமரியில் கிளினிக் வைத்திருக்கிற ஓர் இளம் டாக்டரம்மாவிடமிருந்து பார்சல் வந்தது. உள்ளே மேல், கீழ் இரண்டு அளவுகள். கூட ஒரு துண்டுச் சீட்டு: பெனடிக்ட், வயது 62, மேல் செட் முழுவதும். அவசரம், மகளுக்குக் கல்யாணம்.

கடற்கரைப் பக்கம் கல்லெறிந்தால் ஒரு பெனடிக்ட் மேல் விழும். நான் கண்டுகொள்ளாமல் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினேன்.

அரைமணி நேரம் கழித்து அச்சைப் பிரித்தபோது கீழ்த்தாடை கையில் வந்தது. முன்வரிசையில் இடதுபக்கப் பல் ஒன்று மூலைவாட்டில் உடைந்திருந்தது. அரிவாளால் சீவியதுபோல ஒரு சரிவு.

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பல் எனக்குத் தெரியும். அதை உடைத்தவனே நான்தான்.

கல்லூரியில் நானும் பெனடிக்டும் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தோம். அவன் கடற்கரைக்காரன், நான் மேற்கே ரப்பர் மரத்துக்கு நடுவே பிறந்தவன். ஒருநாள் நான் காற்றாடியைச் சரியாக முறுக்காமல் ஒரு பழைய உள்ளூர் எஞ்சினைக் கிளப்ப, அது கழன்று பறந்து எதிரில் நின்றவன் வாயில் அடித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் கேட்டான்: "எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல்லியே மக்கா?"

அப்படிப்பட்டவன். அவனுக்கு நான் செய்த பெரிய காரியம் பல்லை உடைத்தது அல்ல.

வயலுக்குள் பறந்தது

எங்கள் பயிற்சியாளர் ஜேக்கப் சாரிடம் ஒரே ஒரு வெளிநாட்டு எஞ்சின் இருந்தது. ஒன்றரை சி.சி. டீசல். அதை அவர் ஒரு மரப்பெட்டியில் பூட்டி, சாவியை சார்ஜண்ட் பெனடிக்டிடம் கொடுத்திருந்தார். தொட அனுமதியும் அவனுக்கு மட்டும்தான். பல் உடைந்த சம்பவத்துக்குப் பிறகு என் பெயரைச் சொன்னாலே சார் பெட்டியை நகர்த்திவைப்பார்.

எனக்குப் பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒரு விழாவுக்கு முந்தின நாள். மறுநாள் பெரிய அதிகாரி ஒருவர் முன்னிலையில் விமானம் பறக்க வேண்டும். பெனடிக்ட் குளிக்கப் போயிருந்தான். ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் சாவி. நான் எஞ்சினை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் பின்னால் போனேன். ஓர் உடைந்த பெஞ்சுப் பலகையில் அவசரமாக இரண்டே இரண்டு திருகு போட்டேன். காற்றாடியைச் சுண்டினேன்.

கிளம்பிவிட்டது! என் கையால் அது முதல்முறை கிளம்பியது. குளவிக்கூட்டைக் கலைத்தது மாதிரி ஒரு சத்தம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே திருகு இரண்டும் பிடுங்கிக்கொண்டன. எஞ்சின், விமானம் எதுவும் இல்லாமல், தன்னந்தனியாக எழும்பிப் பறந்து, பத்தடி தள்ளி உழுது தொளி அடித்திருந்த வயலின் சேற்றுக்குள் 'ப்ளக்' என்று போனது.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் சேற்றில் உருண்டு அதைக் கண்டுபிடித்தேன். உள்ளெல்லாம் சேறு. கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன். அசையவில்லை. ஒரு காக்கிக் காலுறைக்குள் போட்டு என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். சாவியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டேன்.

மறுநாள் பெட்டி காலி. சாவி பெனடிக்டிடம். எல்லாரும் பார்க்க ஜேக்கப் சார் அவன் சட்டைக் கையிலிருந்த சார்ஜண்ட் பட்டை மூன்றையும் பிளேடால் அறுத்தெடுத்தார். நான் இரண்டாவது வரிசையில் விறைப்பாக நின்றேன்.

இன்னும் முடியவில்லை. டெல்லி முகாமுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து போக வேண்டியவன் அவன். பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார்கள். வில்சன். அதாவது நான்.

போனேன். டெல்லியில் கடுங்குளிர், நல்ல சப்பாத்தி.

வாய்க்குள்ள வேர்க்குமோ?

எஞ்சின் அந்தக் காலுறையோடேயே வீடு மாறி வீடு மாறி, கடைசியில் என் பட்டறைப் பரணில் ஒரு பிளாஸ்டர் டப்பாவுக்குள் இருந்தது. கீழ்த்தாடை அச்சு கிடைத்த அன்றே அதை இறக்கினேன். இதை ஓடவைத்து பெனடிக்டிடம் கொண்டுபோய்க் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். ஓடாத எஞ்சினை எப்படிக் கொடுப்பது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். உண்மையில் அது நாள் தள்ளுவதற்கு ஒரு நல்ல சாக்கு.

இந்த எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய்தான் மசகு. ஓடும்போது அருமையான எண்ணெய். ஓடாமல் கிடந்தால் பலாப்பிசின். நாற்பது வருடப் பிசினும் நாஞ்சில் நாட்டுச் சேறும் சேர்ந்து அது ஒரே இரும்புக் கட்டியாகியிருந்தது.

பலத்தைக் காட்டக் கூடாது. குறடு போட்டுத் திருப்பினால் உள்ளே தண்டு முறியும். மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பிறகு பல் செட் வேகவைக்கும் பானையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தேன். பெனடிக்டின் பல் வெந்த அதே பானை. பல் வெந்த பிறகுதான், முன்பு அல்ல, டாக்டரம்மா கவனிக்க.

அதற்கும் மசியவில்லை. கிரேஸ் முடி உலர்த்தும் சூட்டுக் காற்று மெஷினை எடுத்துவந்து காட்டினேன். காட்டிக்கொண்டே காற்றாடித் தண்டை விரலால் மெல்ல அசைத்தேன். ஒரு நெல்மணி அகலம் நகர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் வாடையால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தேன். பல் மெருகேற்றும் பிரஷ்ஷால் ஒவ்வொரு துண்டாகத் தேய்த்தேன். எரிபொருளை அளந்துவிடும் ஊசி முறிந்திருந்தது. டாக்டர்கள் பல்லைக் குத்திப் பார்ப்பார்களே, கொக்கி வைத்த எஃகுக் கம்பி, அதை நறுக்கி முனையைச் சரிவாகச் சாணை பிடித்து புது ஊசி செய்தேன். பலாமரச் சீவலில் காற்றாடி செதுக்கி, சவரப் பிளேடின் விளிம்பில் நிறுத்தி இரண்டு பக்கமும் எடை சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

சூட்டுக் காற்று மெஷினைத் தேடிக்கொண்டு கிரேஸ் வந்தது அந்த நேரம்தான்.

"இஞ்சேருங்க, இது என்ன?"

"பல்லு சமாச்சாரம். தாடை மெஷின். புது மாதிரி."

காற்றாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பல்லுக்கு எதுக்கு விசிறி? வாய்க்குள்ள வேர்க்குமோ?"

முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். மயக்க மருந்து இல்லாமலே ஆளைப் பேசவைப்பாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சேற்றில் உருண்டது வரை.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்போ அந்த டெல்லி போட்டோ?"

எங்கள் வீட்டு வரவேற்பறையில், சட்டம் போட்டு, விறைப்பாக நான் நிற்கும் படம். வாரம் ஒருமுறை அவள்தான் துடைப்பாள்.

"அது அவரு நிக்க வேண்டிய எடமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போய்ப் படத்தைக் கழற்றி அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்தாள். ஆணி இன்றும் சுவரில் இருக்கிறது. அதில் இப்போது நாள்காட்டி தொங்குகிறது.

விளக்கெண்ணெய் விவகாரம்

இந்த எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. ஈதரையும் காற்றையும் சேர்த்து இறுக்கி நசுக்கினால் அதுவே சூடாகிப் பற்றிக்கொள்ளும். எவ்வளவு நசுக்குவது என்பது தலையில் உள்ள ஒரு திருகுக் கம்பியின் வேலை. எவ்வளவு எரிபொருள் என்பது பக்கத்து ஊசியின் வேலை. இரண்டும் ஒத்துப்போனால் ஓடும். புதுமணத் தம்பதிபோல, ஒத்துப்போகும்வரை நடுவில் நிற்பவன் பாடு திண்டாட்டம்.

எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்தது. ஈதர் நாகர்கோவிலில் பள்ளிக்கூடங்களுக்கு ரசாயனம் விற்கும் கடையில் கிடைத்தது. மண்ணெண்ணெய் மீன்பிடி வள்ளக்காரர் ஒருவர் தந்தார். விளக்கெண்ணெய் எங்கள் தெருமுனைக் கடையில்.

ஒரே வாரத்தில் மூன்றாவது பாட்டில் கேட்டபோது கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, இத்தனை குடிச்சுமா போகல்ல? டாக்டர பாத்துருங்க. வச்சிட்டு இருக்கக் கூடாது."

பட்டறையில் தினமும் சுண்டினேன். இருநூறு தடவை, முந்நூறு தடவை. 'டப்' என்று ஒரு இருமல், அவ்வளவுதான். பிறகு காற்றாடி பின்னோக்கி உதைத்து விரலில் அடிக்கும். நகம் கறுத்தது. எரிபொருளை அதிகம் ஊற்றிவிட்டால் உள்ளே நிறைந்து தண்டு பூட்டிக்கொள்ளும்; கவிழ்த்து வடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்காவது நாள் விரலுக்குக் கட்டுப்போட வந்த கிரேஸ் நின்று பார்த்தாள். ஈதர் வாடையை ஓர் இழுப்பு இழுத்தாள். பழைய தியேட்டர் ஞாபகமோ என்னமோ, முகம் இளகியது.

"குருடன் மாதிரி கோரி ஊத்துனா எப்பிடி? தள்ளுங்க. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டு. அளவு தெரிஞ்சவ நானாக்கும்."

அன்றிலிருந்து புகை போகும் துவாரத்தில் சொட்டு விடுவது அவள் பொறுப்பு. அடி வாங்குவது என் பொறுப்பு. பத்து மில்லி மருந்துச் சிரிஞ்சின் உடலை நிமிர்த்தி வைத்து எரிபொருள் தொட்டியாக்கியதும் அவள் யோசனைதான்.

சிரிக்காத மாமனார்

இதற்குள் பல் செட் தயாராகி பாட்டிலுக்குள் போய்விட்டது. பெனடிக்டின் ஊர் மாதா கோவிலில் முதல் ஞாயிறு கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிறு வாசித்து, மறுநாள் திங்கட்கிழமை கல்யாணம்.

டாக்டரம்மா போன் செய்தார். "வில்சன் அண்ணா, அந்த அங்கிளுக்க செட் என்னாச்சு?"

"மழை டாக்டர். பிளாஸ்டர் காயல்ல."

அடுத்த முறை: "கரண்ட் இல்ல டாக்டர்." அதற்கடுத்த முறை: "பல்லு நிறம் அவரு முகத்துக்கு ஒத்து வரல்ல டாக்டர்." அவர் முகத்தை நான் நாற்பது வருடமாகப் பார்க்கவில்லை.

ஏன் அனுப்பவில்லை? செட் போய்விட்டால் பெனடிக்டும் போய்விடுவான். மறுபடி நான் பழைய வில்சன் ஆகிவிடுவேன். எஞ்சின் பரணுக்கு ஏறிவிடும். அவனை என்னோடு கட்டிவைத்திருந்தது அந்தப் பல் மட்டும்தான். விளையாட்டாகச் சொல்வதுபோல் தோன்றும். அன்று எனக்கு அது நியாயமாகவே பட்டது.

புதன்கிழமை டாக்டரம்மாவின் குரல் மாறியிருந்தது.

"அண்ணா, அவரு நிச்சயத்துல வாயப் பொத்திக்கிட்டே நின்னிருக்காரு. ஒரு தடவ கூட சிரிக்கல்ல. மாப்பிள்ள வீட்டுக்காரங்க, பொண்ணுக்க அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லன்னு நெனச்சிட்டாங்களாம். பேச்சுவார்த்தை வரைக்கும் போயிருக்கு. அவரு உங்க அட்ரஸ் கேட்டாரு. குடுத்துட்டேன்."

அன்று இருட்டும்வரை எஞ்சினைச் சுண்டினேன்.

மறுபடியும் வாசல்

"எவன்லேன்னு கேக்கேன்!"

கிரேஸ் ஒரு சொட்டு விட்டாள். நான் சுண்டினேன்.

'டப்.' மறுபடி சுண்டினேன். 'டப் டப்.' திருகுக் கம்பியை ஒரு மயிரிழை இறுக்கிவிட்டு மூன்றாவது தடவை சுண்டினேன்.

பட்டறை முழுவதும் அலறியது. ஓட்டில் இருந்த புறா இரண்டு பறந்தன. பிளாஸ்டர் தூள் எழும்பி மூன்று பேர் தலையிலும் வெள்ளையடித்தது. எரிந்த விளக்கெண்ணெய் வாசனை. எனக்கு அதைவிட உயர்ந்த சாம்பிராணி கிடையாது.

நான் திரும்பினேன். வெள்ளை வேட்டி, நரைத்த தலை, குழிந்த மேலுதடு. கத்த வந்த வாய் திறந்தபடியே நின்றது.

பெனடிக்ட் என்னைப் பார்க்கவில்லை. நேராக எஞ்சினிடம் வந்தான். குனிந்து காதைச் சாய்த்தான். இரண்டு விரலால் ஊசியைக் கால் சுற்றுத் திருப்பினான். தலையில் உள்ள கம்பியைத் துளி தளர்த்தினான். அதுவரை கரகரத்த சத்தம் சுத்தமாகி, ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போனது.

எரிபொருள் தீரும்வரை மூவரும் அப்படியே நின்றோம். நின்ற பிறகு காதுக்குள் 'ஞொய்' என்றது.

"எங்க கெடந்துது?" என்றான்.

"எங்கிட்டத்தான்."

"அது தெரியும் மக்கா. வீட்டுல எங்கன்னு கேட்டேன்."

"தெரியுமா?"

"ஹாஸ்டல் மொட்டமாடியில துணி காயப் போட்டுக்கிட்டு நின்னேன். தலையில துண்டு கெட்டிக்கிட்டு எரும மாதிரி உருண்டுகிட்டு கெடந்த."

"பின்ன எதுக்குலே சொல்லல்ல?"

"நீ சொல்லுவன்னு நெனச்சேன். ஒரு நாளு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். டெல்லிக்குப் போகதுக்கு முன்ன சொல்லுவன்னு பஸ் ஸ்டாண்டுக்கும் வந்தேன். நீ ஜன்னல்ல இருந்து கை காட்டின. நானும் காட்டினேன்."

இதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். யாருக்கோ வழி சொல்வதுபோலச் சொன்னான்.

"பெனி, எனக்கு..." என்று ஆரம்பித்தேன். கண்ணைத் துடைத்தேன், பிளாஸ்டர் தூள் சேறானது.

"மொதல்ல எம் பல்லைத் தா" என்றான்.

கிரேஸ் பாட்டிலைக் கொண்டுவந்தாள். பொருத்திக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தான். நான் செய்த செட்களிலேயே நல்ல செட் அது. வாய்க்குள் கைவிடுவது டாக்டரின் வேலை, எங்கள் வேலை அல்ல. அன்று அந்த விதி மறந்துபோயிற்று. ஓரம் உறுத்துகிறதா என்று பார்க்க விரலை உள்ளே விட்டேன்.

"கடி பாப்போம்."

கடித்தான். கறுத்த நகம் உள்ள அதே விரல். நான் போட்ட சத்தத்தில் கிரேஸ் ஓடிவந்து அவன் தாடையைப் பிடித்தாள்.

"செட் நல்லா இருக்கு" என்றான், நிதானமாக. "திங்கக்கிழம குடும்பத்தோட வா. ஜேக்கப் சாரும் வாராரு. அவருட்ட நீயே சொல்லணும்."

பேண்டு நின்ற நேரம்

மாதா கோவில் பங்குக் கூடத்தில் நானூறு பேர் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஜேக்கப் சாருக்கு எண்பத்தைந்துக்கு மேல். காது மெஷினை மகள் வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது.

"சார், நான் வில்சன்!"

"டெல்லிக்குப் போன வில்சனா? நல்ல பிள்ள!" என்று என் தோளில் தட்டினார்.

"அந்த எஞ்சினை எடுத்தது நான் சார்!"

"ஆமா ஆமா, மீன் நல்லா இருக்கு."

பின்னால் பெனடிக்ட் கூடத்துக்கே கேட்கும்படி சிரித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் அவனையே பார்த்தார்கள்; அவர்கள் முகத்தில் அப்பாடா என்ற நிம்மதி. எனக்குத்தான் வியர்த்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, அவர் காதோரம் குனிந்து, முழுத் தொண்டையில் கத்தினேன்.

"திருடினது நாந்தான் சார்!"

அந்த நொடியில்தான் பேண்டு பாட்டை முடித்தது.

நானூறு தலைகள் திரும்பின. கிளாரினெட்காரர் தன் கருவியை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டார்.

துணிப்பையிலிருந்து எஞ்சினை எடுத்து சார் கையில் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். காற்றாடியை ஒரு விரலால் மெல்லச் சுற்றினார்; உள்ளே இறுக்கம் தடுத்த இடத்தில் விரல் நின்றது.

"கம்ப்ரஷன் இருக்கு" என்றார். "அப்போ பெனடிக்ட் இல்லியா?"

"இல்ல சார்."

பெனடிக்ட் உற்சாகத்தில் குனிந்து அவர் காதில் கத்தினான். "எனக்கு அன்னைக்கே தெரியும் சார்! மாடியில நின்னு பாத்தேன்!"

சார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரிஞ்சும் ரிப்போர்ட் பண்ணல்ல? சனிக்கிழம காலம்பற ஆறு மணி. கிரவுண்டுக்கு ரெண்டு பேரும் வரணும்."

தண்டனை

கல்லூரி மைதானத்தில் மழைக்குப் பின் புல் மண்டிக் கிடந்தது. சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், காது மெஷினோடு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் எஞ்சினைத் திருகினேன், இம்முறை நான்கு திருகு. கிரேஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடும் எரிபொருள் பையோடும் வந்திருந்தாள்.

சார் பெனடிக்டைக் கூப்பிட்டார்.

"விசாரிக்காம உன் பட்டையை அறுத்தேன். எனக்கும் தண்டனை உண்டு. ஆனா ஓடுகதுக்குக் கால்முட்டுல பெலன் இல்ல."

பெனடிக்ட் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். "போவட்டும் சார்" என்றான்.

"போகாது சார்ஜண்ட்" என்றார் சார்.

பிறகு சார் தொண்டையைச் செருமினார். "எஞ்சின் ஓடுகது வரைக்கும் ரெண்டு பேரும் ஓடணும். அது நின்னா நீங்களும் நிக்கலாம்."

பெனடிக்ட் என் காதில் கேட்டான். "ஒரு தொட்டிக்கு எத்தன நேரம் ஓடும்?"

"ரெண்டு நிமிசம்."

"அவ்வளவுதானா? வா மக்கா."

கிரேஸ் சொட்டு விட்டாள். அவன் சுண்டினான். ஒரே சுண்டல். சார் உள்ளங்கையைப் பெஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினோம்.

முதல் வளைவில் பேசிக்கொண்டே ஓடினோம். இரண்டாவது வளைவில் பேச்சு நின்றது. மூன்றாவது வளைவில் அவன் விலாவைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு நிமிசம்னு சொன்ன?"

"நின்னிரும். இப்ப நின்னிரும்."

சத்தம் ஒரே கோடாக வந்துகொண்டிருந்தது. வளைவில் திரும்பும்போது பெஞ்சு தெரிந்தது. கிரேஸ் எஞ்சினுக்குப் பின்னால் நின்று, கை துளியும் நடுங்காமல், ஓடுகிற எஞ்சினின் தொட்டிக்குள் சிரிஞ்சால் எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக நிரப்பிக்கொண்டிருந்தாள். சார் கண்ணைத் திறக்காமலே, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினார்.

பெனடிக்டும் பார்த்துவிட்டான்.

"லேய், எத்தன கலக்கிக் கொண்டு வந்த?"

"சார் ஆசைப்பட்டு திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லுவாருன்னு நெனச்சு..."

"எத்தனலே?"

"ஒரு லிட்டர்."

அதற்குப் பிறகு அவன் எதுவும் பேசவில்லை. மூச்சைச் சேமிக்க ஆரம்பித்துவிட்டான்.